காட்டுச் சூரியகாந்தித் தண்ணீர்

காட்டுச் சூரியகாந்தியை வளர்க்கத் திறமை ஒன்றும் வேண்டாம். ஒரு முழக் குச்சியை ஒடித்து மண்ணில் செருகினால் போதும். தலைகீழாகச் செருகினால்கூட முளைத்துவிடுமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு, செய்து பார்த்ததில்லை. கடையில் விற்கும் சூரியகாந்தியின் தட்டு முகம் இதற்குக் கிடையாது. உள்ளங்கை அளவுதான் பூ, மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த இதழ்கள், விரல் விரித்த கை போன்ற இலை. மலையை வெட்டிச் சாலை போட்ட சரிவுகளில் யாரும் நடாமலே புதராக நிற்கும்.

பாலிக் பூலாவ் போகும் வளைவுச் சாலையில் ஒருநாள் என் கணவரைக் காரை ஓரமாக நிறுத்தச் சொல்லி, இறங்கி, நான்கு குச்சிகள் ஒடித்துக்கொண்டு வந்தேன். பின்னால் வந்த லோரி நீளமாக ஹாரன் அடித்தது. களையைப் போய் யாராவது வீட்டுக்குக் கொண்டு வருவார்களா என்று அவர் ஆயர் ஈத்தாமில் எங்கள் வீடு வந்து சேரும் வரை முணுமுணுத்தார்.

காரணம் பெரிதாக எதுவும் இல்லை. முப்பது வருடம் ஒரு பள்ளி அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தேன். என் மேசைக்கு எதிரே இருந்தது சுவர். ஓய்வு பெற்ற பிறகு காலையில் கோப்பியோடு உட்கார்ந்து பார்ப்பதற்கு மஞ்சளாக ஏதாவது வேண்டும் என்று தோன்றியது. எங்களுடையது வரிசை வீடு, கடைசிக்கு முந்தினது. முன்னால் இரண்டு பாய் விரிக்கும் அளவுக்கு மண். அதற்கும் கடைசி வீட்டுக்கும் நடுவே உள்ள கம்பி வேலியோரமாக நான்கு குச்சிகளையும் நட்டேன். நான்காம் மாதத்தில் அவை என்னைவிட உயரமாகிவிட்டன.

வளர்ப்பது சுலபம், அடக்குவதுதான் வேலை. ஒவ்வொரு பூப்பும் முடிந்ததும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். வெட்டாவிட்டால் மேலே மேலே போய், மழைக்காற்றில் நடுவில் முறிந்து பக்கத்து வீட்டுத் துணிக்கொடி மேல் விழும். தண்டின் உள்ளே வெறும் பஞ்சு. தண்ணீர்க் குழாய்த் துண்டுகளை ஊன்றி, பழைய துணியைக் கிழித்துக் கட்டி நிறுத்தினேன். வெட்டிய கிளைகளை மண்மேல் போடக்கூடாது. போட்ட இடத்தில் வேர் பிடிக்கும். சிமெந்துத் தரையில் ஒரு வாரம் காயப்போட்டு, செத்துவிட்டது என்று உறுதியான பிறகே குப்பையில் போட வேண்டும். பூவை ஜாடியில் வைக்க ஆசைப்பட்டால் வெயில் வருவதற்கு முன் வெட்டி, காம்பின் நுனியைச் சுடுதண்ணீரில் நனைக்க வேண்டும். இல்லையென்றால் பத்து மணிக்கெல்லாம் தலையைத் தொங்கப்போட்டுவிடும். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. தப்புப் பண்ணித் தெரிந்துகொண்டதுதான்.

இலையை நான் கவனித்ததே இல்லை. கிள்ளினால் ஒரு கசப்பு வாடை வரும், சோப்புப் போட்டாலும் விரலை விட்டுப் போகாது. அவ்வளவுதான் இலையைப் பற்றி நான் அறிந்தது.

என் கணவர் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கும் வேலையில் இருந்தவர். எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்பமாட்டார். அவருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்து பத்து வருடமாகிறது. அவருடைய அண்ணனுக்கும் அதே வியாதிதான். முழங்காலுக்குக் கீழே ஒரு காலை எடுத்து, அதற்குப் பிறகு இரண்டு வருடம்கூட இருக்கவில்லை. அந்த இரண்டு வருடமும் நான் பார்த்தேன். ஆகவே இவர் காலில் ஒரு கொசு கடித்தாலும் எனக்குப் பயம். இதை அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து கார் நிறுத்துமிடத்தில் பேசிக்கொண்டு நின்றபோது, யாரோ ஒருவர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டியிருக்கிறார். எங்கள் செடிதான். அதன் இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தால் இனிப்பு நீர் ஓடிப்போகும் என்றாராம். வீட்டுக்கு வந்து காரை விட்டு இறங்கியவர் நேராக வேலியோரம் போய் நின்றார். அதுவரை களையாக இருந்தது அன்று முதல் மூலிகை ஆனது. எதையும் கழற்றிப் பார்க்கும் மனிதர் இதை மட்டும் கழற்றவில்லை. ஏழு இலை, இரண்டு குவளைத் தண்ணீர், ஒரு குவளையாகச் சுண்டும் வரை அடுப்பில். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார். அவ்வளவு கசக்கிற பொருள் நல்லது செய்யாமல் போகாது என்பது அவர் கட்சி.

நான் சிரித்தேன். மாத்திரையோடு சேர்த்து ஒரு கசப்புத் தண்ணீர், குடித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். ஒன்றரை மாதம் கழித்து, தையல் ஊசி தேடி அலமாரியில் இருந்த பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தேன். உள்ளே மாத்திரை அட்டைகள், ஒன்றும் பிரிக்கப்படாமல், ரப்பர் வளையம் போட்டுக் கட்டி. கிளினிக்கில் தேதி தவறாமல் வரிசையில் நின்று வாங்கி வந்து, தேதி தவறாமல் டின்னில் போட்டிருக்கிறார். சும்மா கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை, விழுங்கவும் மனம் வரவில்லை. இந்தப் பழக்கம் எங்கள் ஆட்களில் பலருக்கு உண்டு. எங்கள் தெருவில் எத்தனை அலமாரிகளில் எத்தனை டின் இருக்கிறதோ.

சண்டை போட்டேன். மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும், இலை இயற்கை என்றார். அண்ணனின் காலைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவரே காலையில் விரலைக் குத்திச் சோதித்து, சுவரில் மாட்டிய குதிரைப் பந்தயக் காலண்டரின் கட்டங்களில் எண்ணை எழுதுவார். அந்த மாதக் கட்டங்களில் பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கு என்று இருந்தது. ஏழுக்குள் இருக்க வேண்டும் என்பது கிளினிக்கில் சொன்ன கணக்கு. இலை வேலை செய்ய நாளாகும் என்றார். பாதம் மரத்துப்போகிறது என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லி, உடனே பேச்சை மாற்றினார்.

பிறகு அவரே எனக்கு வழி செய்து கொடுத்தார். தான் கொதிக்கவைத்தால் ஒருநாள் தண்ணியாகவும் ஒருநாள் களியாகவும் வருகிறது, இனிமேல் காலையும் மாலையும் நீயே கொதிக்கவைத்துக் கொடு என்றார். சரி என்றேன். மறுநாள் கிளினிக் மருந்துக் கவுண்டரில் இருந்த பெண்ணிடம், என் வீட்டுக்காரருக்குத் தொண்டை சரியில்லை, இந்த மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமா என்று கேட்டேன். அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, இதைப் பொடிக்கலாம், சாப்பாட்டோடு கொடுங்கள் என்றாள். டின்னிலிருந்து மாத்திரையை எடுத்து, இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து நசுக்கி, இலைத் தண்ணீரில் கலக்கி, காலைப் பசியாறலோடும் இரவுச் சாப்பாட்டோடும் வைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஒரு மாத்திரையைக் காட்டுச் சூரியகாந்தியில் தாராளமாக மறைக்கலாம். அவர் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. இன்றைக்கு நல்ல கசப்பு என்று பாராட்டினார்.

மூன்றாவது வாரத்தில் காலண்டரில் ஒன்பது வந்தது. பிறகு எட்டு, பிறகு ஏழு. கிளினிக் டாக்டர் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று தட்டிக்கொடுத்தாராம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். எனக்கு அப்போது குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. கெட்டிக்காரி என்றுதான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டேன்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. அவர் காக்கைக்குக் கோயில் கட்டினார். பூசை முடிந்தால் கார் நிறுத்துமிடத்தில் இவருடைய பிரசங்கம் தொடங்கிவிடும். காலண்டரைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு எல்லோருக்கும் காட்டினார். ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கையில் பிளாஸ்டிக் பையோடு வருவார்கள், ஒரு கட்டு இலை பறித்துப்போவார்கள். முதலில் கீழ் இலைகள் போயின, பிறகு நடு இலைகள். இலை இல்லாத செடி பூப்பதை நிறுத்தியது. நான்கு குச்சிகளையும் நட்ட நாளில் பார்த்ததுபோல நான்கு குச்சிகளாகவே பார்த்தேன். எனக்கு எரிச்சல். வந்தவர்கள் காதுபட, கொஞ்சம் பூக்கவாவது விடுங்கள் என்றேன். அட்டையில் "இலை பறிக்காதீர்" என்று எழுதி வேலியில் மாட்டினேன். அவர் அதைக் கழற்றி மடித்து அலமாரி அடியில் வைத்தார். பூ பெரிதா, உயிர் பெரிதா என்று என்னைக் கேட்டார். ஊரில் எல்லோருக்கும் தெரியும், அந்த வீட்டுக்காரிக்கு இலை பறித்தால் பிடிக்காது என்று.

கடைசி வீட்டு அக்கா பறித்ததற்கு மட்டும் நான் ஒன்றும் சொன்னதில்லை. அவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே கைநீட்டி ஏழு இலை கிள்ளிக்கொள்வார். தனி ஆள். கணவர் போய் வெகுநாளாகிறது, பிள்ளைகள் இல்லை. சாப்பிட்டாயா என்று என்னைத் தினமும் கேட்கிற ஒரே மனிதர் அவர். அவருக்கும் இனிப்பு நீர், எங்கள் வீட்டுக்காரருடையதைவிட மூத்த வியாதி. இலைத் தண்ணீர் குடிப்பது எனக்குத் தெரியும். மாத்திரையோடு சேர்த்துக் குடிக்கிறார் என்று நினைத்தேன். கேட்டிருக்கலாம். வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று நாங்கள் பேசாத விஷயமே இல்லை, இதை மட்டும் கேட்கவில்லை. கேட்டால் நான் என்ன பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று எங்கோ ஒரு மூலையில் தெரிந்திருந்ததோ என்னவோ.

தைப்பூசத்தன்று அக்கா பால்குடம் எடுத்துத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வெறுங்காலோடு நடப்பார். நான் மாதா கோயில்காரி. ஆனாலும் எட்டு வருடமாக அவரோடு நடக்கிறேன். அவருடைய செருப்பைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய், பாலை ஊற்றிவிட்டு இறங்கி வந்ததும் கையில் கொடுப்பது என் வேலை. என் கணவர் எனக்கு வைத்த பட்டப்பெயர் செருப்புத்தூக்கி. இந்த வருடம் கிளம்பத் தாமதமாகிவிட்டது. வெயில் ஏறித் தார் பளபளத்தது. பக்கத்தில் நடந்தவர்கள் சாலையோரத்தின் வெள்ளைக் கோட்டைத் தேடித் தேடி மிதித்தார்கள், தண்ணீர்ப் பந்தல்காரர்கள் தெளித்த ஈரத்தில் நின்று நின்று போனார்கள். அக்கா மட்டும் நடுச்சாலையில் நிதானமாக நடந்தார். எனக்குச் செருப்புக்குள்ளேயே சுட்டது. உங்களுக்குச் சுடவில்லையா என்று கேட்டேன்.

"முருகன் பாத்துக்கறாருமா. பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கு" என்றார்.

அவருடைய பக்தியை மெச்சினேன். கால் மரத்துப்போன ஒருவருக்குத் தார் சுடாது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அண்ணன் காலை இரண்டு வருடம் பார்த்தவள் நான்.

இரண்டு வாரம் கழித்து அக்காவை வேலியோரம் காணோம். போய்ப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, இடது காலை முக்காலி மேல் வைத்திருந்தார். பழைய சேலைத் துணியால் கட்டு. கொப்புளம் உடைந்தது, ஆறவில்லை என்றார். பிரித்துப் பார்த்தேன். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் கீழே சதை கறுத்திருந்தது. வாடையும் வந்தது. அந்த வாடை எனக்குத் தெரிந்த வாடை. மாத்திரை எங்கே என்று கேட்டேன்.

"அத தீபாவளியோட விட்டுட்டேன்லா. வயித்தப் பொரட்டுது. உன் வீட்டுக்காரருக்கு எலைலயே எறங்கிடுச்சே, எனக்கு எறங்காதா?"

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போங்கள் அக்கா என்று மட்டும் சொன்னேன். இலை வேலை செய்ய நாளாகும், உன் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார் என்றார். வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றேன். செடியில் புதிதாக நான்கைந்து இலை விட்டிருந்தது.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தினமும் போய் உப்புத் தண்ணீரில் புண்ணைக் கழுவிக் கட்டினேன், தினமும் ஆஸ்பத்திரி என்றேன், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் திரும்பி வந்தேன். சொன்னால் வெட்கக்கேடு. என் கணவர் தெருவில் தலைகாட்ட முடியாது. மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு வீம்புக்கு விழுங்காமல் இருப்பார். இப்படி நியாயங்கள் நிறைய வைத்திருந்தேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது பயம், அவருடைய முகத்தைப் பற்றிய பயம். பதினோரு நாள் இப்படிப் போயிற்று. நடுவில் சாம்பல் புதன் வந்தது, நெற்றியில் சாம்பல் வைத்துக்கொண்டேன்.

பதினோராம் நாள் தவக்காலப் பாவசங்கீர்த்தனம். மற்ற பாவங்களை வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் இதைச் சொன்னேன். பாதர், அந்த இலையில் நிஜமாகவே ஒன்றும் இல்லையா என்று கேட்டார். எனக்குத் தெரிந்து இல்லை பாதர் என்றேன். பெருமூச்சு விட்டார். அவர் வீட்டிலும் ஒரு கட்டு இலை இருந்திருக்கலாம். இன்றைக்கே இரண்டு பேரிடமும் சொல்லிவிடு, அதுதான் உன் பரிகாரம், செபமெல்லாம் அப்புறம் என்றார்.

நேராக அக்காவிடம் போனேன். முழுவதையும் சொன்னேன், டின், கரண்டி, கவுண்டர்ப் பெண் எல்லாம். அக்கா பொறுமையாகக் கேட்டார். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"உனக்கு ஒம் பூ வேணும். அதுக்கு இவ்ளோ பெரிய கதையெல்லாம் கட்டாதம்மா. எலைய இனிமே கேட்டுட்டுப் பறிக்கறேன்."

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். அவரும் அதையேதான் சொன்னார், இன்னும் சத்தமாக. டின்னைத் திறந்து அட்டைகள் குறைந்திருப்பதைக் காட்டினேன். குப்பையில் போட்டிருப்பாய் என்றார். நசுக்கிய கரண்டிகளைக் காட்டினேன். கரண்டி கரண்டி மாதிரிதான் இருந்தது. நான் அந்தச் செடியின் பூவுக்காக ஆறு மாதம் கத்தியது எல்லோர் மனதிலும் அப்படிப் பதிந்திருந்தது. வேலியில் நான் மாட்டிய அட்டையை அவர் அலமாரி அடியிலிருந்து எடுத்து வந்து மேசைமேல் போட்டார். அதைவிட வேறு சாட்சி அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

கடைசியில் அவரே சொன்னார், நீ எதுவும் தொடாதே, நானே பறிக்கிறேன், நானே கொதிக்கவைக்கிறேன், காலண்டர் சொல்லட்டும் என்று. ஒத்துக்கொண்டேன். வேறு வழி தெரியவில்லை. நடந்ததை அக்காவிடம் சொன்னேன். அவரும் அதற்கே ஒத்துக்கொண்டார்: உன் வீட்டுக்காரத் தம்பிக்குச் சர்க்கரை ஏறினால் நான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், ஏறாவிட்டால் நீ வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

அந்த நாட்களைப் போல நான் எதையும் வேண்டிக்கொண்டதில்லை. வேண்டியது என் கணவருக்குச் சர்க்கரை ஏற வேண்டும் என்று. சீக்கிரம் ஏற வேண்டும் என்று. காலையில் அவர் விரலைக் குத்தும் சத்தம் கேட்டதும் அடுப்படியில் நின்றபடி காது கொடுப்பேன். முதல் நாள் ஏழு. இரண்டாம் நாள் ஏழரை. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். மூன்றாம் நாள் ஒன்பது; நேற்று மாம்பழம் சாப்பிட்டேன் அல்லவா என்றார். நான்காம் நாள் பதினொன்று. அன்று பதினான்கு இலை போட்டுக் கொதிக்கவைத்தார். ஐந்தாம் நாள் பன்னிரண்டரை. ஒவ்வொரு நாளும் நான் அக்காவின் கட்டைப் பிரித்தேன். கறுப்பு இரண்டாவது விரலின் நகம் வரை ஏறியிருந்தது. அக்காவுக்கு வலியே இல்லை. வலி இல்லாததால் குணமாகிறது என்றார்.

ஆறாம் நாள் காலை விரலை இரண்டு முறை குத்தினார். இரண்டாம் முறையும் அதே எண் வந்திருக்க வேண்டும். பேனாவை எடுத்துக் காலண்டரில் எழுதினார். போய்ப் பார்த்தேன், பதினைந்து. அவர் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் மாறி மாறித் தடவிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, டின்னைத் திறந்து, ஒரு மாத்திரையைப் பிரித்துத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினார். ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, கைலியோடு, சட்டைகூடப் போடாமல் வெளியே நடந்தார். நானும் பின்னால் போனேன்.

அக்கா வீட்டு நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். காலண்டரை விரித்து, ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்து வாசித்தார். கார் நிறுத்துமிடத்தில் அத்தனை பேருக்கு முன்னால் வாசித்த அதே குரல் இல்லை அது.

"எலைல ஒன்னுமே இல்லக்கா. இவதான் மாத்திரையப் போட்டுக் குடுத்திருக்கா. நான் முட்டாப்பய, ஊரு பூரா சொல்லிட்டேன். கெளம்புங்க, காரு எடுக்கறேன்."

அக்கா என்னைப் பார்த்தார், காலைப் பார்த்தார். பிறகு சேலை மாற்ற வேண்டும் என்றார். ஆஸ்பத்திரியில் அன்று மாலையே இரண்டு விரல்களை எடுத்தார்கள். பாதம் தப்பியது. இன்னும் சில நாள் போயிருந்தால் பாதமும் போயிருக்கும் என்றார்கள்.

என் கணவர் அடுத்து வந்த இரண்டு ஞாயிறும் பூசை முடிந்ததும் கார் நிறுத்துமிடத்தில் நின்று, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, மாத்திரையை விடாதீர்கள் என்று சொன்னார். சிலர் கேட்டார்கள். சிலர் சிரித்தார்கள். சிலர், அப்படியென்றால் உங்கள் மனைவி இத்தனை நாள் உங்களை ஏமாற்றினாளா என்று கேட்டார்கள். ஆமாம் என்றார். நான் காருக்குள் உட்கார்ந்திருந்தேன், கண்ணாடி இறங்கியிருந்தது, எல்லாம் கேட்டது.

அக்கா வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். தொலைக்காட்சியில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"காலப் பாத்த அன்னைக்கே சொல்லியிருந்தா?"

பதினோரு நாள், அதன்பின் ஆறு நாள். கிராணி வேலை பார்த்தவளுக்குக் கூட்டத் தெரியாதா. விரல் இருந்திருக்கலாம் அக்கா என்றேன்.

"இருந்திருக்கலாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, சாப்பிட்டாயா என்று கேட்டார். எனக்கு அழுகை வந்தது. அங்கேயே, அவர் காலைப் பிடித்துக்கொண்டு, அழுதேன். அக்கா தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. அடுத்த தைப்பூசத்துக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டுமாம். என் கைக்கு அன்று வேலை இருக்காது.

செடிகளை வெட்டிப்போடலாமா என்று என் கணவரிடம் கேட்டேன். செடி என்ன செய்தது என்றார். அதனால் நிற்கின்றன. இப்போது யாரும் இலை பறிக்க வருவதில்லை. நான்கும் தழைத்து, அடி முதல் நுனி வரை பூத்துக் கிடக்கின்றன. காலையில் தேன்சிட்டு வருகிறது. நான் ஆசைப்பட்டபடியே எதிரே மஞ்சள், கையில் கோப்பி.

மாத்திரையை அவர் இப்போது என் கண்ணெதிரே விழுங்கி, வாயைத் திறந்து காட்டுகிறார். காலண்டரில் ஏழு, எட்டு என்று இருக்கிறது. ஆனால் காலையில் நான் கோப்பியைக் கொண்டுவந்து வைத்தால், குவளையைத் தொடுவதற்கு முன்னால் கேட்கிறார்.

"இதுல என்ன போட்டிருக்க?"

முதல் இரண்டு நாள் விளையாட்டு என்று நினைத்தேன். இன்றுவரை ஒருநாளும் தவறவில்லை. முப்பத்தொரு வருடம் நான் கொடுத்ததைக் கேட்காமல் குடித்த மனிதர். கோப்பித்தூளும் பாலும்தான் என்று சொல்கிறேன். தலையாட்டிவிட்டு எடுத்து, முதல் மிடறைக் கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்து, பிறகு விழுங்குகிறார்.